‘கருணைக்கொலை’ என்னும் சொல்லும் ‘பாரம்’ திரைப்படமும்

பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ (2018) திரைப்படத்தைக் கருணைக்கொலை பற்றிய படைப்பாக வகைப்படுத்துவது பொருந்தாது. இடுப்பெலும்பு முறிந்த காவலாளி கருப்பசாமி தீராநோயாளி அல்லர்; சாவை வேண்டியவரும் அல்லர். அவருக்கு நேர்வது தலைக்கூத்தல். சட்டத்தின் முன் அது கொலையே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையிலுள்ள சட்டமோ வேறு தன்மையது. ஆறு மாதத்திற்குள் இறப்பு நேரும் என இரு மருத்துவர்கள் உறுதிசெய்த, தெளிந்த மனத்துடன் தாமே வேண்டும் நோயாளிக்கு மட்டுமே மருத்துவர் மருந்து எழுதித்தரலாம். அதனை உட்கொள்பவரும் நோயாளியே. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் சுட்டும்போது வேண்டியவரின் குரல் மறைகிறது. கருணை காட்டுபவரே எழுவாயாகிறார்.

எனினும் இசைவு ஒன்றே போதிய வரம்பு எனக் கொள்ளவும் இயலவில்லை. ஓரிகனின் ஆண்டறிக்கைகள் பதிவுசெய்யும் நோயாளிகளின் கவலைகளுள் குடும்பத்திற்குப் பாரமாதலும் ஒன்று. படத்தின் தலைப்பே அங்கும் ஒலிக்கிறது. பிறர் முடிவால் நிகழும் சாவை இப்படம் அழுத்தமாகக் கண்டிக்கிறது. கண்டிக்க எளிதானதும் அதுவே. தான் பாரம் என நம்பவைக்கப்பட்ட கருப்பசாமி தாமே சாவைக் கேட்டிருந்தால் அவ்வேண்டுகோள் யாருடையது என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை.