கடவுளிடம் சந்தா கேட்டவர்

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்த கதை. கடவுளைக் கிண்டல் செய்யும் கதை என்றுதான் கல்லூரி நாட்களில் வாசித்துச் சிரித்தேன். இப்போது வாசித்தால், அந்தக் கிண்டல்தான் கடவுளுக்குக் கிடைக்கும் உபசாரம் என்று தோன்றுகிறது.

சென்னைக்கு வந்த கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளை அவரோடு காபி குடிக்கப் போகிறார். காபி ருசியைத் தன் லீலை என்று கடவுள் சொல்ல, சிக்கரி கலந்த ஓட்டல்காரன் லீலை என்று திருத்துகிறார் பிள்ளை. தன் வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஜீவிய சந்தாவும் கேட்கிறார். ஜீவியம் என்றால் யாருடைய ஜீவியம் என்பது கடவுளின் சந்தேகம்! பிள்ளையின் குழந்தை வள்ளி அவரைத் தாத்தா என்று கூப்பிட்டு விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறாள். இந்த வீட்டில் யாரும் அவரை ஓரமாக உட்காரவைக்கவில்லை.

திவான் பகதூர் வீட்டில் நிலைமை வேறு. அங்கே கடவுள் நிஜமாகவே ஆடிக்காட்டுகிறார். ரசிகருக்கு அது கலையாகத் தெரியவில்லை. இலக்கணம் நிறைய இருக்கிறது, சிரிப்புதான் இல்லை.

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்த காலம். மெஷினை மாட்ட வரும் பையனிடம், “என்ன தம்பி, இன்னிக்கு ஆயில் சேஞ்ச் மட்டுமா, ஃபுல் சர்வீஸா?” என்பார். பக்கத்துக் கட்டில்காரர், “எனக்கும் வாட்டர் வாஷ் போட்டுடுப்பா” என்பார். நான்கு மணி நேரம் இப்படியே ஓடும். நோய் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. ஆனால் ஒரு நாள் அப்பா வரத் தாமதமானால் அந்தக் கட்டில்காரர்தான் முதலில் போன் செய்வார். நான் பெங்களூரிலிருந்து பணம் அனுப்புவேன். “இந்த மாதிரி விஷயத்துல என்னப்பா ஜோக்கு?” என்று போனில் கடிந்துகொண்டதும் உண்டு.

கதையின் முடிவில், தூர இருந்து வரம் தரத்தான் தன்னால் முடியும், கூட இருந்து வாழ முடியாது என்று கடவுள் ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தில் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அது நான்தான்.

கடவுள் போனதும் பிள்ளை சந்தாவைக் கணக்கில் எழுதுகிறார். வள்ளி உள்ளே வந்து, தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்கிறாள். வரம் எதுவும் கேட்காமல் கூட விளையாடியவள் அவள். தேடுவதும் அவள்தான்.