வட்ட முறையும் அது கேட்கும் ஓர் உபரி உறுப்பும்

ஒரு முழு எண்ணைப் பகா எண்களின் வர்க்கங்களாகவோ கனங்களாகவோ அவற்றினும் உயர்ந்த அடுக்குகளாகவோ பிரித்து அவற்றின் கூடுதலாக எழுத முடியுமா என்னும் வினாவை வாரிங்–கோல்ட்பாக் சிக்கல் என்பர். இதில் இதுவரை கிடைத்துள்ள முடிவுகளில் பெரும்பாலானவை, 1918இல் இராமானுஜனும் ஹார்டியும் எண் பிரிவினைகளைக் கணக்கிட உருவாக்கி, பின்னர் ஹார்டியும் லிட்டில்வுட்டும் விரித்த வட்ட முறையின் வழியே பெறப்பட்டவை. போதிய அளவு பெரிய ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றும் மூன்று பகா எண்களின் கூடுதல் என்பதை வினோகிராடோவ் 1937இல் நிறுவினார். 24ஆல் வகுத்தால் மீதி 5 வரும் போதிய அளவு பெரிய எண் ஒவ்வொன்றும் ஐந்து பகா எண்களின் வர்க்கங்களாகப் பிரியும் என்பதை ஹுவா லோ-கெங் 1938இல் நிறுவினார்.

மீதி பற்றிய இந்த நிபந்தனை தற்செயலானதன்று. 3ஐவிடப் பெரிய பகா எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்பவை அடுத்தடுத்த இரட்டைப்படை எண்களாதலால் அவற்றின் பெருக்கற்பலன் 8ஆல் வகுபடும். அவற்றுள் ஒன்று 3ஆலும் வகுபடும். ஆகவே அப்பகா எண்ணின் வர்க்கம் 24ஆல் வகுக்கப்படும்போது எப்போதும் 1 மீதியாகும், ஐந்து வர்க்கங்கள் சேர்ந்தால் 5 மீதியாகும். 77 என்பது 25, 25, 9, 9, 9 ஆகியவற்றின் கூடுதல். 101 என்பது 49, 25, 9, 9, 9 ஆகியவற்றின் கூடுதல். ஆனால் அதே மீதியைத் தரும் 53 எவ்வாறு முயன்றாலும் அப்படிப் பிரியாது. தேற்றத்தில் 'போதிய அளவு பெரிய' என்ற சொற்கள் நிற்பதற்கு இத்தகைய சிறு எண்களும் ஒரு காரணம்.

ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குக்கும் ஒரே நீளமுள்ள ஓர் அம்பை ஒதுக்கி, வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த அம்புகளைக் கூட்டிப் பார்ப்பது இம்முறையின் சாரம். சிறிய பகுதியுள்ள பின்னங்களுக்கு அருகில் அம்புகள் ஒருங்கே ஒரு பக்கம் சாய்கின்றன. இவ்விடங்கள் பெரிய விற்கள் எனப்படும். எஞ்சிய சிறிய விற்களில் அவை சிதறி ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. பெரிய விற்களிலிருந்து வரும் மதிப்பு, ஓர் எண் எத்தனை விதமாகப் பிரியும் என்ற தோராயமான எண்ணிக்கையையே தந்துவிடுகிறது. மேலே கண்ட மீதி நிபந்தனைகளும் எவரும் திணிக்காமல் அச்சூத்திரத்துக்குள்ளிருந்தே வெளிப்படுகின்றன. ஒரு நிறுவல் முறையிடம் எதிர்பார்க்கக்கூடிய பேறுகளில் இது தலையாயது.

குறை சிறிய விற்களில் இருக்கிறது. மூன்று பகா எண்களைக் கையாளும் வினோகிராடோவ், ஓர் அம்புக்கூட்டத்தின் அளவு சிறியது என்று காட்டிவிட்டு, மற்ற இரண்டையும் திசை நோக்காமல் வர்க்கச் சராசரியால் மதிப்பிடுகிறார். ஹுவாவின் நிறுவலிலும் நான்கு உறுப்புகள் சராசரிக்குச் செலவாகி, ஐந்தாவதே ஆதாயம் தருகிறது. ஆக, இம்முறைக்கு எப்போதும் ஓர் உறுப்பு உபரியாக வேண்டும். இரட்டைப்படை எண்ணை இரண்டு பகா எண்களாகப் பிரிக்கும் கோல்ட்பாக் கணிப்பில் அந்த உபரி இல்லை. அங்கே பிழையின் வரம்பு மைய மதிப்பையே விஞ்சிவிடுகிறது. எவ்வளவு கூர்மையாகக் கணக்கிட்டாலும் இது தீராது, ஏனெனில் திசையைக் கைவிட்ட அந்த நொடியிலேயே தேவையான செய்தி தொலைந்துபோகிறது.

'போதிய அளவு பெரிய' என்பதன் விலையும் சிறிதன்று. வினோகிராடோவின் மாணவர் போரோஸ்த்கின் காட்டிய எல்லை ஏறத்தாழ 68 லட்சம் இலக்கங்கள் கொண்ட எண். 2002இல் லியூ, வாங் இருவரும் அதை ஏறத்தாழ 1,350 இலக்கங்களுக்கு இறக்கினர். 2013இல் ஹெல்ஃப்காட் அதைக் கணினிச் சரிபார்ப்புக்கு எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்து, 5ஐவிடப் பெரிய எல்லா ஒற்றைப்படை எண்களுக்கும் நிறுவலை முன்வைத்தார். எனவே இந்தக் குறை உழைப்புக்கு இணங்குவது. உபரிக் குறை அத்தகையதன்று.

அதற்கும் ஓரளவு மாற்று உண்டு. வெவ்வேறு விற்களின் பங்குகள் தமக்குள் அழிந்துகொள்வதை 1926இல் க்ளூஸ்டர்மான் கணக்கில் சேர்த்து, சாதாரண வர்க்கங்களில் நான்கு உறுப்புகளே போதும் என்ற நிலையை எட்டினார். இந்த வழியைச் சல்லடை முறையுடன் இணைத்து ப்ரூடர்னும் ஃபூவ்ரியும் 1994இல், 24ஆல் வகுத்தால் மீதி 4 வரும் போதிய அளவு பெரிய எண்கள் நான்கு வர்க்கங்களாகப் பிரியும் என்று காட்டினர். ஆனால் அவர்களது முடிவில் வர்க்கப்படுத்தப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் 34 பகாக் காரணிகள் வரை இருக்கலாம். அந்த எண்ணிக்கையை ஒன்றாக்கும் வழியை வட்ட முறை இன்னும் தரவில்லை.