உலாத் தலைவனும் அநாதியும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அமைந்த மேலகரம், திரிகூட ராசப்பக் கவிராயரின் ஊர். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை மெச்சி, மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் ஏற்பட்டது. நூலின் சந்த நயமும் நகைச்சுவையும் தமிழறிந்தார் யாவரும் அறிந்தவை. அந்த வார்ப்பிலேயே, ஒரு நூற்றாண்டு கழியுமுன், திருநெல்வேலியிற் பிறந்த கிறிஸ்தவப் புலவர் ஒருவர் தம் சமயத்தின் தலைமைக் கொள்கையை வார்த்தெடுத்தார். அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நூல் பெத்லகேம் குறவஞ்சி. நம்மவர் இந்நூலைக் கையிலெடுப்பது அரிது. எடுத்தாலும், ‘நமக்கு உடன்பாடில்லாத கொள்கை’ என்று மூடிவிடுவதே வழக்கம். உடன்பாடில்லாத நூலைத்தான் கூர்ந்து கற்கவேண்டும் என்பது என் கருத்து.

கொள்கை இன்னதென்று முதலில் தெளிவோம். இயேசுவைக் கிறிஸ்தவர்கள் ‘பின்னர்க் கடவுளாக உயர்த்தப்பட்ட மனிதர்’ என்று கூறுவதில்லை. அவர் உலகம் தோன்றுமுன்பே உள்ளவர், தோற்றமற்றவர், தந்தையோடு ஒரே இயல்பினர் என்பதே அவர்கள் நம்பிக்கை. மகன் இல்லாத ஒரு நிலை இருந்தது என்று ஆரியுஸ் என்னும் குரு போதித்தபோது, கி.பி. 325இல் நிக்கேயாவிற் கூடிய சபை அதனை மறுத்து இக்கொள்கையை உறுதி செய்தது. 2025இல் அதற்கு 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. அவர் முழுக் கடவுளும் முழு மனிதரும் ஆவார் என்று 451இல் கல்சதோன் சபை மேலும் வரையறுத்தது. ‘அவர்கள் மூன்று தெய்வங்களை வணங்குகிறார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர், அவர்கள் சொல்லாத ஒன்றுக்கே மறுப்புரைக்கின்றனர்.

இனி நூலுக்கு வருவோம். குறவஞ்சியில் தலைவன் உலா வருவான். கண்ட தலைவி காதல் கொண்டு மெலிவாள். குறத்தி வந்து மலைவளம் கூறிக் குறி சொல்வாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவான். திரிகூடநாதர் உலாவருகிறார், பந்தாடும் வசந்தவல்லி கண்டு மயங்குகிறாள். அந்தத் தலைவன் நாடகத்தில் என்ன செய்கிறான்? ஒன்றும் செய்வதில்லை. வருகிறான், போகிறான். அவன் இறைவன் என்பதை எவரும் மெய்ப்பிக்கத் தேவையில்லை. பிரபந்த மரபே அவனுக்கு அப்பீடத்தைத் தந்துவிடுகிறது. அரசனும் அதில் ஏறலாம். சாஸ்திரியாரை ஆதரித்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியையே தலைவராக வைத்துச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார்.

சாஸ்திரியார் செய்தது இதுதான். தெய்வமும் மன்னனும் அமர்ந்த பீடத்தில் இயேசுவை ஏற்றினார். வசந்தவல்லியின் இடத்தில் தேவமோகினி நிற்கிறாள். அவள் சீயோன் குமாரி, அதாவது திருச்சபை. குறத்தி விசுவாசமாகிறாள், சிங்கன் ஞானச் சிங்கனாகிறான், பிடிபடும் பறவைகள் மானிட ஆன்மாக்கள். சூரியனைக் கோள்கள் சுற்றும் புதிய வானநூலும் உள்ளே நுழைந்திருக்கிறது. இவ்வுருவகப் பொருத்தத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். குறி சொல்லல் விலக்கப்பட்ட சமயத்தைச் சேர்ந்த ஒருவர், குறத்தியையே விசுவாசமாக்கி அந்த இடரைத் தாண்டியது புலமைக்கு அழகு.

ஆயினும் இரண்டு இடங்களில் வார்ப்பு பொருளோடு முரண்படுகிறது. குற்றாலத்தார்க்குக் குற்றாலம் உறைவிடம், பிறந்த ஊரன்று. சைவர் தம் இறைவனைப் பிறவாதவன் என்றே போற்றுவர். பெத்லகேமோ தொழுவமும் முன்னணையும் உள்ள பிறப்பிடம். நூலின் பெயரிலேயே அநாதியானவருக்கு ஒரு பிறந்த ஊர் வந்து நிற்கிறது. பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்று இறைவனைப் பற்றி இக்லாஸ் அத்தியாயத்தில் ஓதி வளர்ந்த நமக்கு இது உடனே உறுத்தும். இவ்விடத்தில் மேலகரத்துச் சைவருக்கும் நமக்கும் உள்ள நெருக்கம் வியப்பானது.

இரண்டாவது, எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது. அழுதவர், பசித்தவர், கொல்லப்பட்டவர் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் மனித இயேசுவுக்கு உலாத் தலைவனின் பீடத்தில் இடமேது? சிலுவைப்பாடு எத்துணை பேசப்பட்டாலும், அது பிறர் வாய்ச் செய்தியாக வரலாமேயன்றி, தலைவன் மீது கண்முன் நிகழும் செயலாக வர இவ்வமைப்பு இடந்தராது. வார்ப்பு அவருக்குத் தெய்வீகத்தைக் கேளாமலே கொடுத்தது. கல்சதோன் சொன்ன மறுபாதியை வாங்கிக்கொண்டது. வீரமாமுனிவர் இவ்வாறு இடர்ப்படவில்லை. 1726இல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, குழந்தையை அவர் கையில் வைத்தார். தெய்வம் தச்சன் மடியில் கிடக்கும் காட்சியில் அவர்தம் கொள்கையின் இரு பாதியும் தெரிகின்றன.

இதே குறவஞ்சியை நம்மவர் எப்படிக் கையாண்டனர்? தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடங்கியவர் என்று வழிவழியாகக் கூறப்படும் பீர் முகம்மது அப்பா, ராசப்பக் கவிராயருக்கும் முற்பட்டவர். அவருடைய ஞானரத்தினக் குறவஞ்சியில் உலாவரும் தலைவனும் இல்லை, மெலியும் தலைவியும் இல்லை. சிங்கன் கேட்கிறான், சிங்கி விடை பகர்கிறாள். ஆதிக்கு முந்திய அநாதி யாது என்பது அவன் கேள்விகளுள் ஒன்று. வீதியில் ஏற்றி உலாவிட முடியாத ஒருவனைப் பாடவேண்டியிருந்ததால் அவர் பீடத்தையே அகற்றிவிட்டார் என்று நான் கருதுகிறேன். அதனால் நாடகச்சுவை குறைந்தது, அதை மறைப்பதற்கில்லை.

நம் புலவர்களும் வார்ப்பின் வலையில் அகப்படாதவர்களல்லர். சீறாப்புராணத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்பைக் கூறும் படலத்துக்கு உமறுப்புலவர் இட்ட பெயர் நபியவதாரப் படலம். அவதாரம் என்ற சொல் எந்த நம்பிக்கையிலிருந்து வந்ததென்று அவர் அறியாதவரா? காப்பிய மரபு கேட்டது, கொடுத்தார். உலகுக்கு முற்பட்ட நபியொளியைப் பாடியபோதும், அவ்வொளி படைக்கப்பட்டது என்னும் வரம்பை அவர் கடக்கவில்லை. சொல்லை வாங்கினார், பொருளை வாங்கவில்லை.

அந்த வரம்புதான் இரு சமயத்தாருக்கும் இடையே உள்ள கோடு. திருமறை ஈஸா நபி (அலை) அவர்களை இறைவனின் சொல் என்று குறிக்கிறது. யோவான் எழுதிய சுவிசேஷமும் சொல்லிலேயே தொடங்குகிறது. அங்கே அச்சொல் கடவுளாகவே இருந்து அனைத்தையும் படைக்கிறது. இங்கே ‘ஆகுக’ என்ற சொல்லால் ஈஸா (அலை) படைக்கப்படுகிறார். தம்மைத் தெய்வமாகக் கொள்ளும்படி மக்களிடம் கூறினீரா என்று இறைவன் வினவ, அவர் மறுக்கும் காட்சியை மாயிதா அத்தியாயம் காட்டுகிறது. ஒரே சொல்லை இருவரும் கையில் வைத்திருப்பதால்தான் இக்கருத்து வேற்றுமை இத்துணைக் கூர்மையாக இருக்கிறது.

சாஸ்திரியாருக்குப் பின் வந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையும் நெல்லைச் சீமையினரே. வைணவராய் வளர்ந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் அவர் உலாவைத் தேடவில்லை. கம்பனின் விருத்தத்தைத் தேடினார். அநாதியானவர் அடிபட்டு நிற்பதைக் கண்டு உருகும் பாடல்களை அந்நூலிற் படிக்கும்போது, கிறிஸ்தவர்கள் தங்கள் கொள்கையில் எதைப் பற்றி நிற்கிறார்கள் என்பது பெத்லகேம் குறவஞ்சியைவிடத் தெளிவாகப் புலனாகிறது. அதை நாம் ஏற்பதில்லை. ஆனால் நாம் ஏற்காதது எது என்பதைச் சரியாக அறிய, குறவஞ்சியைப் படித்த கையோடு அதையும் படிக்கவேண்டும்.