இரண்டு பம்ப், இரண்டு பேட்டரி

அமெரிக்காவில் வான்ஸ் ஆர்வி ரக விமானங்களை வீட்டு கராஜிலேயே கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் லைகமிங் எஞ்சின்தான். கார்புரேட்டர் வைத்த எஞ்சினென்றால், வெளியே 20 டிகிரி வெப்பம் இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்தால் அதன் குறுகிய தொண்டையில் பனி கட்டி மூச்சடைத்துவிடும். மின்னணு இன்ஜெக்‌ஷன் பொருத்தினால் அந்தக் கவலை அநேகமாகப் போச்சு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து தெளிக்கும்.

எனக்குப் பிடித்தது அதைப் பொருத்துகிறவரின் சந்தேக புத்தி. பழைய எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ, பேட்டரி செத்தாலும் பொறி தரும். மின்னணு இன்ஜெக்‌ஷனிலோ மின்சாரம் போனால் பம்ப் நின்று எல்லாம் போச்சு. காரென்றால் ஓரங்கட்டலாம், வானத்தில் ஓரம் ஏது? ஆகவே இரண்டு பம்ப், இரண்டு பேட்டரி, தனித்தனி வயரிங்.

பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளும் பெட்ரோலில் எஞ்சின் குடித்தது போக மிச்சம் திரும்ப வேண்டும். எங்கே? இடது இறக்கை டேங்கிலிருந்து எடுத்ததை வலது இறக்கை டேங்குக்கு அனுப்பினால், அது நிரம்பி வென்ட் வழியே வெளியே கொட்டும். அதனால் போக்கையும் வரத்தையும் சேர்த்தே திருப்பும் இரட்டை வால்வு ஒன்று. கைப்பிடி ஒன்றுதான். அதை யோசித்தவருக்கு ஒரு சபாஷ்!