நாணயம்

பாரதியின் சுதேசிப் பாடல்களைப் பற்றிப் பேசும்போது நம் விமர்சகர்களுக்கு 1905 வங்கப் பிரிவினை ஞாபகம் வருகிறது, 1907 சூரத் காங்கிரஸ் ஞாபகம் வருகிறது. அர்பத்நாட் கம்பெனி ஞாபகம் வருவதில்லை. பணம் இலக்கிய விஷயமல்ல என்ற மேட்டிமைதான் காரணமென்று தோன்றுகிறது.

1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் திவாலாயிற்று. பாரி, பின்னி என்ற பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட வெள்ளைக்கார ஸ்தாபனம் அது. பென்ஷன்காரர்கள், விதவைகள், வக்கீல்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டிருந்தார்கள். வட்டிக்காக மட்டுமல்ல, துரை ஏமாற்றமாட்டார் என்பதற்காகவும். லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன் ரயில் முன் விழுந்து செத்தார். இங்கே கதவைச் சாத்தினார்கள்.

நாணயம் என்றால் தமிழில் காசு; நேர்மையும்கூட. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரரை நாணயமானவர் என்று சொல்லிவிட்டால் பாவும் ஜரிகையும் கடனுக்குக் கிடைக்கும். (கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு ஜாமீன் கையெழுத்தும் வேண்டும்.) உலகின் பெரிய வல்லரசும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பீரங்கி பின்னால் இருந்தது. முன்னால் நின்றது துரையின் சொல். மத்தியதர வர்க்கத்துக்கு அந்தச் சொல் செல்லாக்காசானது 1906இல்தான்.

பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி, திலகர் கட்சியோடு ஒத்துப்போகாதவர். 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி இயங்கத் தொடங்கிய இந்தியன் வங்கிக்கு மூலபுருஷர் அவர். அதே ஆண்டில் பாரதி பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியவரும் அவரே. இரண்டாவது செய்தியை மட்டும் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: கவிதை கேட்டு மிதவாதியின் மனம் உருகியதாம். கவிதையின் சக்தி என்று நெகிழ்ந்துபோக வசதியான கதை. எனக்கென்னவோ, அந்தக் காது முன்பே திறந்திருந்ததாகப் படுகிறது. திறந்துவிட்டது ஒரு பேரேடு. வங்கியையும் பாட்டுப் புத்தகத்தையும் ஒரே பிரக்ஞையின் இரு காரியங்களாகப் படிக்கத் தெரியாத விமர்சனம், பாரதியின் உக்கிரத்தை வெறும் உணர்ச்சியாக்கிவிடுகிறது.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16ஆம் தேதி, அர்பத்நாட் விழுவதற்கு ஆறு நாள் முன்பு. மோசடிக்காக சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குக் கிடைத்தது 18 மாதம். கப்பல் விட்டவருக்கு ராஜத்துரோக வழக்கில் 1908இல் இரண்டு ஆயுள், மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்ததென்பது வேறு விஷயம். பாரதி பதிப்புகளில் சொற்பொருள் அச்சிடும் இடத்தில் இந்த இரண்டு எண்களையும் அச்சிடலாம்.