சரக்குக் கறி

யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்று வீட்டை அம்மிச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாவற்றையும் உள்ளியோடு சேர்த்துப் பசுந்தாக அரைத்தெடுப்பதுதான் சரக்கு. செத்தல் மிளகாய்க்கு அதில் இடமில்லை. மிளகாயே போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததுதானே! அதற்கு முன் நம் கறிகளுக்கு உறைப்புத் தந்தது மிளகு. அந்தப் பழைய ருசி வேண்டுமென்றால் பிள்ளை பெற்றவளின் கோப்பையில்தான் தேட வேண்டும். ஆண்கள் பாவம்.

என் மூத்தவன் பிறந்தபோது, திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய பிஞ்சுக் கத்தரிக்காயை அம்மா சரக்கில் வேகவிட்டா. மறுநாள் சுறா. பால் சுரக்குமாம். சட்டியை இறக்கும்போது மேலே மிளகின் கருமை, ஓரத்தில் மஞ்சள் கோடு. புழுங்கலரிசிச் சோற்றில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துத் தந்தா.

"உறைக்குதே பிள்ளை?"

உறைத்தது. மிளகாய் நாக்கைச் சுடும். மிளகு தொண்டை தாண்டி வயிற்றுக்குள் போய்ச் சூடாகும். பிரசவ வலி எப்படி இருந்ததென்று இன்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சூட்டை நன்றாகச் சொல்வேன்.

இப்போது சரக்குத்தூள் பைக்கற்றில் வருகிறது. மோசமில்லை. உள்ளியை மட்டும் கொஞ்சம் கூடத் தட்டிப் போட வேண்டும்.