படகு போனதா, விற்றவன் போனானா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். மூன்று பேர் வைத்திக்குப்பத்திலிருந்து வருகிறவர்கள். போன வருடம் ஒரு நாள் கரும்பலகையில் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதினேன்: ‘தி மேன் ஹூ ஸோல்ட் தி போட் லெஃப்ட் தி வில்லேஜ்.’ ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்களுக்குப் பொருள் தெரியும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி உரக்கப் படித்துவிட்டுச் சொன்னாள்:

“போட் ஊரை விட்டுப் போயிடுச்சு மிஸ்.”

“படகா போச்சு?”

“ஆமா மிஸ். போட் லெஃப்ட்னு பக்கத்துப் பக்கத்துலயே இருக்கே.”

“அப்ப நடுவுல ‘ஹூ’ எதுக்கு?”

“யாருன்னு கேக்குறாங்க. பதில்தான் சொல்லல.”

அவள் அசட்டையாகப் படிக்கவில்லை. தமிழ் படித்துப் பழகிய கண் எப்படிப் போகுமோ அப்படியே போயிருக்கிறது. தமிழில் ‘படகை விற்றவன்’ என்போம், ‘படகை விற்ற ஆள்’ என்போம். விவரம் முழுக்க முன்னால் வந்து, கடைசியில் பெயர் வந்து உட்காரும். பெயர் வந்துவிட்டால் அடுத்து வருவது அந்தப் பெயரின் வினைதான். ‘படகை விற்ற ஆள் ஊரை விட்டுப் போனான்’ என்பதில் ஆளுக்கும் போனதற்கும் நடுவே வேறு யாரும் புகுந்து கதை சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ஆள் முதலிலேயே வந்துவிடுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு குட்டி வாக்கியம் திறந்து மூடுகிறது. அது மூடிய பிறகுதான் அவனுடைய வினை வருகிறது. நாம் பெயருக்காகக் காத்திருந்து பழகியவர்கள். அங்கே வினைக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் கைகூடாத பிள்ளை, வினைக்கு மிக அருகில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. படகு ஊரை விட்டுப் போய்விடுகிறது.

இந்த ‘விற்ற’ என்பதைத்தான் நம் இலக்கணம் பெயரெச்சம் என்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் இதைப் பற்றிப் பேசுகின்றன. பெயரெச்சத்துக்குப் பின் வரக்கூடிய பெயர்கள் ஆறு வகை என்பது நன்னூலார் கணக்கு: செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள். ‘சமைத்த’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள். சமைத்த பாட்டி, சமைத்த பானை, சமைத்த அடுப்படி, சமைத்த செயல், சமைத்த நாள், சமைத்த குழம்பு. ‘சமைத்த’ எங்கும் மாறவில்லை. பாட்டி சமைத்தாள், பானையில் சமைத்தார்கள், குழம்பைச் சமைத்தார்கள் என்ற வேறுபாடெல்லாம் கேட்பவர் மனத்தில் தானாக விழுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பாட்டிக்கு ‘ஹூ’, குழம்புக்கு ‘விச்’, அடுப்படிக்கு ‘வேர்’, நாளுக்கு ‘வென்’, பானைக்கோ ‘இன் விச்’ என்று வேற்றுமையை வெளியே எடுத்துக் காட்டியாக வேண்டும். தமிழ் விழுங்கியதை ஆங்கிலம் துப்பச் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் புரியாத இடம் அது.

இதை நம் பள்ளிகளில் எப்படிச் சொல்லித் தருகிறோம்? புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தவை. அங்கே இது வாக்கியங்களைச் சேர்க்கும் பயிற்சியாகவே வந்தது. இரண்டு தனி வாக்கியம் கொடுப்பார்கள். ‘ஹூ’ போட்டு ஒன்றாக்கு, ‘காம்ப்ளெக்ஸ்’ வாக்கியமாக மாற்று. 2023-24 கல்வியாண்டில் மேல் வகுப்புகளும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்குப் போகத் தொடங்கின. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இந்த வாக்கிய அமைப்பு வருகிறது. லென்சோ என்ற விவசாயி ஆலங்கட்டி மழையில் பயிரை இழந்து, நூறு பெசோ கேட்டுக் கடவுளுக்குக் கடிதம் எழுதும் கதை. பாடத்தின் பின்னால் லென்சோவையும் அவன் மனைவியையும் பற்றிய வாக்கியங்களைக் காட்டி விளக்கம் தருகிறார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் அதற்கடுத்த பயிற்சி? இரண்டு வாக்கியங்களைச் சேர்!

தேர்வு இன்னொரு விதமாக இழுக்கிறது. 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் இலக்கணத்துக்கு 10. அதற்கான பட்டியலில் காலங்கள், மோடல் வினைகள், எழுவாய் பயனிலை இயைபு, ரிப்போர்ட்டட் ஸ்பீச், டிடர்மினர் ஆகியவை இருக்கின்றன. நான் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததை ஜனவரிக்குள் போர்ஷன் முடிக்க வேண்டிய ஆசிரியர் எவ்வளவு நேரம் சொல்லித் தருவார்? ஆனால் அதே தாளில் பத்தி படித்துப் பதில் எழுத 20 மதிப்பெண். அந்தப் பத்திகளில் மூன்று வரிக்கு ஒரு முறை ‘ஹூ’வும் ‘விச்’சும் நிற்கின்றன. என் திண்ணைப் பிள்ளைகள் சேர் என்றால் சேர்த்துவிடுகிறார்கள். சேர்ந்திருப்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் யாரும் கற்றுத் தரவில்லை. வாசிப்பு என்பது பிரிக்கும் வேலை அல்லவா?

எதிர்வீட்டுத் தாத்தா ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறுவதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர். அந்தத் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் பிரெஞ்சு வழியாக வந்தது. செய்தவரைக் குறிக்க ‘கி’, செய்யப்பட்டதைக் குறிக்க ‘க’, இடத்துக்கு ‘ஊ’. இதில் ஒன்றையும் விட்டுவிட்டு எழுத முடியாது. “விட்டா வாத்தியார் செவப்பு மையில சுழிச்சிடுவாரும்மா” என்றார். ஆங்கிலமோ ‘தி போட் ஹி ஸோல்ட்’ என்று சொல்லையே விட்டுவிட்டுப் போகும். ‘தி போட் விச் ஹி ஸோல்ட்’ என்று எழுதியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது இருக்கும். பிரெஞ்சு படித்த தாத்தாவுக்கு எளிதாக இருந்ததற்கும், ஆங்கிலம் மட்டும் படிக்கும் பேத்திக்குக் கடினமாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்ட பிறகு ஒரு முறை யாழ்ப்பாணம் போயிருந்தேன். என் தோழி ஒருத்தி வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஆங்கில ஆசிரியை. மாலையில் அவள் வீட்டு முற்றத்தில் ரியூசன். தரம் 10, 11 பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்காக வந்திருந்தார்கள். கையில் பழைய வினாத்தாள் கட்டு. இலக்கணக் கொப்பி ஒன்றையும் காணவில்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, “வாசியுங்கோ பாப்பம்” என்றாள். ஒரு பையன் தடுமாறினான். நான் எழுதிய படகு வாக்கியம் போன்றதுதான். அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் குனிந்து, ‘ஹூ’விலிருந்து நான்கு சொல்லைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

“இப்ப வாசியும் தம்பி.”

வாசித்தான். வாக்கியம் முழுதாக நின்றது.

“விளங்குதோ? இனி கையை எடுக்கிறன். நடுவில என்ன கிடக்கு?”

“அந்த ஆள் ஆரெண்டு கிடக்கு ரீச்சர்.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ‘யாரெனக் கேட்கிறது’ என்பதற்கும் ‘யாரெனச் சொல்கிறது’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஓர் உள்ளங்கை கடத்திவிட்டது. பல வருடமாக நான் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். என் மேல் எனக்கே கோபம் வந்தது.

இலங்கையில் ஆங்கிலப் பாடநூல் சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒன்றுதான். பாடநூல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தரும் ஆசிரியர் வழிகாட்டி ‘தேர்ச்சி’ என்ற கணக்கில் பேசும். எழுதியதிலிருந்து வேண்டிய தகவலைப் பிடுங்கி எடுப்பது அதில் தனித் தேர்ச்சி. அங்கே இன்னொன்றும் உண்டு. சிங்களத்திலும் பெயரெச்சம் நம்மைப் போலவே பெயருக்கு முன்னால்தான் வரும். ‘ஈயே ஆபு ளமயா’ என்றால் ‘நேற்று வந்த பிள்ளை’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆக, காலியில் படிக்கும் பிள்ளைக்கும் கிளிநொச்சியில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே தடுமாற்றம். இந்தியாவில் அப்படி இல்லை. தில்லியில் தயாராகும் புத்தகத்தை இந்திப் பிள்ளையும் படிக்கிறது. இந்தியில் ‘ஜோ’ இருக்கிறது. ‘ஹூ’வைக் கண்டதும் அந்தப் பிள்ளைக்கு ‘ஜோ’ ஞாபகம் வரும். நம் பிள்ளைக்கு ‘யார்’தான் ஞாபகம் வருகிறது. தமிழ்ப் பிள்ளைக்கென்று ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கிற நாம்தான்.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். யாழ்ப்பாணத்தில் ‘வாசி’ வேறு, ‘படி’ வேறு. பத்திரிகையை வாசிப்பார்கள், பரீட்சைக்குப் படிப்பார்கள். நம் ஊரில் பேச்சில் இரண்டுக்கும் ‘படி’தான். “படிடா” என்றால் மனப்பாடம் செய் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. லென்சோ கதையையும் அப்படியே நெட்டுருப் போடுகிறது. அன்று முதல் திண்ணையில் நானும் ‘வாசி’ என்றுதான் சொல்கிறேன்.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. தோழியின் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்தேன். துண்டு துண்டாக வாக்கியங்கள். ஒரு ‘ஹூ’ கூடக் கிடையாது. “பிழை வருமெண்டு தொடவே மாட்டினம்” என்றாள். நம் பிள்ளைகள் எழுதுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். அவர்கள் வாசிப்பார்கள், எழுதப் பயப்படுவார்கள்.

ஆனால் இதனால் வரும் நட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். அந்த முற்றத்துப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கிறார்கள். நாம் ஒளிச்சேர்க்கை என்பதை அவர்கள் ஒளித்தொகுப்பு என்பார்கள். ‘பச்சைத் தாவரங்கள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் செயன்முறை’ என்று தமிழில் வாசித்ததும் விளங்கிவிடுகிறது. ஆங்கில வாக்கியம் பிடிபடாவிட்டால் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். புதுச்சேரிப் பிள்ளைக்கு அறிவியல், சமூக அறிவியல், கணக்கு எல்லாமே ஆங்கிலத்தில். அதே வரி அவளுக்கு ‘தி பிராசஸ் பை விச் கிரீன் பிளான்ட்ஸ் மேக் ஃபுட்’ என்று வருகிறது. வரையறை என்றாலே அதில் ஒரு ‘விச்’ நிற்கும். விச் புரியவில்லை என்றால் அறிவியலே புரியாது. அவளை அறிவியலில் மந்தம் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட பிள்ளைகளை என் திண்ணையிலேயே பார்த்திருக்கிறேன். மந்தம் ஒன்றும் இல்லை. ‘பை விச்’ என்றால் என்ன என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சொல்ல வழி இருக்கிறது. அதே பிள்ளை தமிழ் வகுப்பில் பெயரெச்சம் படிக்கிறது, ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் வரைக்கும் ஒப்பிக்கிறது. தமிழ் ஐயாவும் ஆங்கில மிஸ்ஸும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த அறையில் பாடம் நடத்துகிறார்கள். இரண்டு பேரும் நடத்துவது ஒரே பொருள் என்று பிள்ளைக்குத் தெரியாது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே நடந்தன. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். தொல்காப்பியம் பதிப்பித்ததும் அவர்தான். தோழியின் வீட்டிலிருந்து அந்த வளாகம் சைக்கிள் தூரம். அவளும் பெயரெச்சத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. “ஆங்கில வகுப்பில தமிழ் கதைக்கக் கூடாதெண்டு எங்களைப் பழக்கிப்போட்டினம்” என்றாள். இந்தப் பயம் கடலுக்கு இந்தப் பக்கமும் உண்டு.

ஊருக்குத் திரும்பியதும் திண்ணையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். முதலில் தமிழில் ‘சமைத்த’ விளையாட்டு. பாட்டி, பானை, குழம்பு என்று பிள்ளைகள் பெயர் சொல்ல, யார் சமைத்தது, எதில் சமைத்தது, எதைச் சமைத்தது என்று மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கான சொல்லைத்தான் ஆங்கிலம் வெளியே எழுதுகிறது என்று சொல்லிவிட்டுப் பலகைக்குப் போவேன். பிறகு உள்ளங்கை.

மூன்றாவது வாரம், படகு போய்விட்டது என்று சொன்ன அந்தப் பெண் தன் அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘பை விச்’ வரியைக் கையால் மூடினாள், எடுத்தாள், மறுபடி மூடினாள்.

“செடி சாப்பாடு தயாரிக்கிற செயல். சரியா மிஸ்?”

“சரி.”

“அப்ப ‘பை’ எங்க போச்சு? தமிழ்ல அது வரவே இல்லையே.”

“தயாரிக்கிற செயல்னு சொன்னியே. எதனால தயாரிக்குது?”

கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தாள். “அந்தச் செயலால. ‘ஆல்’தான் ‘பை’யா? அது ஏன் தமிழ்ல உள்ளயே இருக்கு?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவளுக்குப் போதவில்லை. நாளைக்குத் தமிழ் ஐயாவிடம் கேட்கப்போகிறேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.